பிரெக்சிட்: திரும்பி வந்த அதிகாரம் யார் கையில்?

கடந்த மாதம் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டம். மாநில உரிமை பற்றிய பேச்சு தன்னாட்சி, தன்னுரிமை என்று நீண்டு, கடைசியில் பிரிட்டனில் வந்து நின்றது. நான் மதிக்கும் தோழர் ஒருவர் எழுந்து சொன்னார்: "பிரிட்டனைப் பாருங்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஓட்டுப் போட்டார்கள், ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தார்கள். மக்கள் இறையாண்மைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி உண்டா?" பலர் கை தட்டினார்கள்.

அரசியல் பிரதிநிதித்துவம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் என்ற முறையில் பிரிட்டன் நாடாளுமன்ற விவாதங்களைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அன்று நேரம் முடிந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். துப்பாக்கி வெடித்தது, ரத்தமும் சிந்தியது. 2016 ஜூன் 16 அன்று, வாக்கெடுப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பேட்லி அண்ட் ஸ்பென் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஜோ காக்ஸ், தன் தொகுதி மக்களைச் சந்திக்க பிர்ஸ்டல் நூலகத்துக்கு வந்தபோது தெருவிலேயே சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டார். அவர் அகதிகளுக்காகப் பேசியவர், ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றவர். கொன்றவன் வெள்ளை இனவெறியன். நீதிமன்றத்தில் பெயர் கேட்டபோது, துரோகிகளுக்குச் சாவு, பிரிட்டனுக்கு விடுதலை என்பதையே தன் பெயராகச் சொன்னான். அன்று காலையில்தான் நைஜல் ஃபராஜ், அகதிகள் வரிசையாக நடந்துவரும் படத்தைப் போட்டு, நாடு உடையும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்ற சுவரொட்டியை வெளியிட்டிருந்தார். அந்தப் படம் எடுக்கப்பட்டது பிரிட்டன் எல்லையில்கூட அல்ல, ஸ்லோவேனியா எல்லையில்.

ரத்தமில்லாத முன்மாதிரி என்று கைதட்டியவர்கள் இந்தப் பெண்ணின் பெயரைக் கேள்விப்பட்டதில்லையா, அல்லது கணக்கில் சேர்க்கவில்லையா?

பிரிவினை பாவமல்ல

ஒன்றியத்தை விட்டு வெளியேற நினைப்பதே குற்றம் என்பது என் வாதமல்ல. திராவிட நாடு கேட்ட இயக்கத்தின் பேரப்பிள்ளைகள் நாம். 1962இல் மாநிலங்களவையில் அண்ணா தன் முதல் உரையிலேயே தன்னுரிமை கேட்டார். அடுத்த ஆண்டே 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. வேட்பாளரும் உறுப்பினரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றானது. திமுக கோரிக்கையைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, தன்னை உடைக்க வந்தவர்களுக்குத் தன் நாடாளுமன்றத்திலேயே நாற்காலி போட்டுச் சம்பளமும் கொடுத்தது. அந்த அளவில் ஒப்பிட்டால் நமக்குப் பொறாமை வருவது இயல்புதான்.

ஆனால் வெளியேறும் உரிமை வேறு, வெளியேற்றத்தின் உள்ளடக்கம் வேறு. 1947 ஆகஸ்ட் 15ஐ துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது அவர் கேட்டதும் அதைத்தான்: அதிகாரம் வெள்ளையனிடமிருந்து யார் கைக்குப் போகிறது? அதே கேள்வியை பிரெக்சிட்டிடமும் கேட்போம்.

'மக்கள்' யார்?

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காடு, நீடிக்க வேண்டும் என்றவர்கள் 48.1 விழுக்காடு. ஸ்காட்லாந்து 62 விழுக்காடு நீடிப்புக்கே வாக்களித்தது. வட அயர்லாந்தும் நீடிப்புப் பக்கம்தான். நான்கு நாடுகளின் கூட்டில் இரண்டு நாடுகள் வேண்டாம் என்றதை, எண்ணிக்கையில் பெரிய இங்கிலாந்து வேண்டும் என்று மாற்றியது. இந்தி பேசுவோர் எண்ணிக்கையைக் காட்டி நம் வாயை அடைப்பவர்களை எதிர்க்கும் தோழர்கள், இதைத் தன்னுரிமை என்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

யார் வாக்களிக்கலாம் என்பதிலும் கதை இருக்கிறது. இருபது ஆண்டுகள் அங்கே வேலை செய்து வரி கட்டிய போலந்துத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை. அங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்பதால், வாக்கு உண்டு. யாருடைய வாழ்க்கை வாக்கெடுப்பால் தலைகீழாகுமோ, அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் வெளியே நின்றார்கள்.

வாக்கு உண்டு என்பதால் தெற்காசியர்களுக்குத் தூண்டில் போடப்பட்டது. பிரிதி படேல் கறி உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்று பிரச்சாரம் செய்தார். ஐரோப்பியர் வரவு நின்றால் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சமையல்காரர்களைக் கொண்டுவருவது எளிதாகும் என்றார்கள். பின்னர் அதே பிரிதி படேல் உள்துறை அமைச்சரானார். 2020இல் அறிவித்த புள்ளி முறைக் குடியேற்றத் திட்டத்தில் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 25,600 பவுண்டு. உணவக முதலாளிகள் ஏமாந்தோம் என்றார்கள். போலந்துக்காரனை விரட்டினால் தனக்கு இடம் கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு நேர்ந்தது இது. படிக்கட்டுச் சாதி அமைப்பில் வாழும் நமக்கு இந்த மனநிலை புதிதா? தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலில்தானே இங்கே எல்லாப் படியும் நிற்கிறது.

வாக்கெடுப்புக்கு அடுத்த மாதம், 2016 ஜூலையில், இன, மத வெறுப்புக் குற்றங்களின் பதிவு முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 விழுக்காடு கூடியதாக பிரிட்டன் உள்துறையே கணக்குக் கொடுத்தது. தெருவில் அடி வாங்கியவனிடம் யாரும் வந்து நீ ஐரோப்பியனா ஆசியனா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறப்பால் வந்த இருக்கைகள்

வெளியேற்றம் கோரியவர்களின் முதன்மை முழக்கம், 'யாரும் தேர்ந்தெடுக்காத பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் நம்மை ஆள்கிறார்கள்' என்பது. ஆணையம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் இதைச் சொன்ன நாட்டின் மேலவையில் அன்று சுமார் 800 பேர் இருந்தார்கள். ஒருவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களில் 26 பேர் ஆங்கிலத் திருச்சபையின் ஆயர்கள். பரம்பரைப் பிரபுக்களுக்கு 92 இடங்கள் இருந்தன. பிறப்பால் ஒருவனுக்குச் சட்டமியற்றும் உரிமை வந்த நாட்டிலிருந்து, பிரஸ்ஸல்ஸில் ஜனநாயகம் இல்லை என்று கூச்சல் கேட்டது. பிறப்பு அடிப்படையிலான இட ஒதுக்கீடு திறமையைக் கொல்கிறது என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த 92 பேரைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஃபராஜையே எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2020 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். அதே காலத்தில் சொந்த நாட்டின் மக்களவைக்கு நின்றபோதெல்லாம் தோற்றார். காரணம் எளிது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் விகிதாச்சார முறையில் நடந்தது. மக்களவைத் தேர்தல் நம்மூரைப் போல அதிக வாக்கு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறையில் நடப்பது. 2015 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சி 12 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் கிடைத்தது ஒரே இடம். 2014இல் மாயாவதியின் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி, ஓர் இடம்கூடப் பெறாமல் போனது நினைவிருக்கிறதா? அதே அநியாயம்தான். ஃபராஜுக்கு அந்த அநியாயத்திலிருந்து தப்பிக்க வழி கொடுத்தது அவர் வெறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம். எந்த அவை அவருக்குக் குரல் கொடுத்ததோ அதை ஜனநாயகமற்றது என்றார். எந்த அவை கதவைச் சாத்தியதோ அதற்கே முழு இறையாண்மை வேண்டும் என்றார்.

மக்களும் இதற்குத் துணை போனார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்கூட இல்லை. தங்கள் 73 பிரதிநிதிகளில் ஒருவர் பெயர்கூடத் தெரியாதவர்கள், எங்களுக்குப் பிரதிநிதிகளே இல்லை என்றார்கள். 2020 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் விலகல் ஒப்பந்தத்துக்கு 621க்கு 49 என்று ஒப்புதல் அளித்த நாளில், ஃபராஜும் தோழர்களும் கொடியாட்டிக்கொண்டே வெளியேறினார்கள். பிரிட்டனில் வாழும் ஏழைக்காக அந்த அவையில் போராடிய உறுப்பினர்களும் அன்றோடு இருக்கை இழந்தார்கள். அவர்களுக்கு யாரும் கொடியாட்டவில்லை.

பிரதிநிதியா, துரோகியா?

வாக்கெடுப்புக்குப் பின் நடந்ததுதான் எனக்கு அதிக அச்சம் தருவது. வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை, அமைச்சரவையே போதும் என்றது அரசு. கயானாவில் பிறந்த, இந்திய வம்சாவளிப் பெண் ஜீனா மில்லர் வழக்குத் தொடுத்தார். வெளியேறக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. முடிவை நாடாளுமன்றம் எடுக்கட்டும் என்றுதான் கேட்டார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த மறுநாள், மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது டெய்லி மெயில். பரம்பரைப் பட்டம் சுமந்த பிரபு ஒருவர், மில்லரைத் தற்செயல் போல வண்டி ஏற்றிக் கொல்பவருக்கு 5,000 பவுண்டு தருவதாக எழுதி, 12 வாரச் சிறைத்தண்டனை பெற்றார். 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. 2019இல் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் முடக்கப் பார்த்தார். அதுவும் சட்டவிரோதம் என்று 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நாடாளுமன்ற இறையாண்மையை மீட்கப் புறப்பட்டவர்கள் முதலில் கை வைத்தது நாடாளுமன்றத்தின் மேலேயே. மாற்றிப் பேசும் உறுப்பினர் துரோகி, கேள்வி கேட்கும் நீதிபதி எதிரி, வழக்குப் போடும் கறுப்பு நிறப் பெண் வந்தேறி. 51.9 விழுக்காடு திடீரென்று நூறு விழுக்காடாகி, 'மக்கள் விருப்பம்' என்று ஒற்றைப் பெயர் சூட்டிக்கொண்டது. இந்த மொழியை நாம் வேறு பெயரில் தினமும் கேட்கிறோம். இங்கே அதற்கு 'ஊர்க் கட்டுப்பாடு' என்று பெயர்.

இடதுசாரித் தோழர்களுக்கு

ஒன்றியம் என்ன புனிதமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். இல்லை. முதலாளிகளின் சந்தைதான் அதன் அடித்தளம். 2015 ஜூலையில் கிரேக்க மக்கள் 61 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்த பிறகும், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் அவர்கள் கழுத்தில் மாட்டப்பட்டன. மத்தியதரைக் கடல் அகதிகளின் புதைகுழியானதில் ஒன்றியத்துக்கும் பங்கு உண்டு. அதிகாரத்தில் இருப்பவனை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்ற டோனி பென்னின் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த அமைப்பும் ஜனநாயகமல்ல.

ஆனால் 2016இல் வெளியேற்றத்தை நடத்தியது டோனி பென்னின் வாரிசுகள் அல்ல. தொழிற்சங்க உரிமைக்காகவோ நிலச் சீர்திருத்தத்துக்காகவோ அது நடக்கவில்லை. 2018 விலகல் சட்டம் ஐரோப்பியச் சட்டங்களைப் பெருமளவு உள்நாட்டுச் சட்டமாகத் தக்கவைத்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தைப் பெயர் சொல்லி விலக்கியது. திரும்பி வந்த அதிகாரத்தைக் கொண்டு எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று பார்த்தால், யாருக்காக அதை மீட்டார்கள் என்பது தெரியும்.

சாதிக்கு அங்கே என்ன வேலை?

இப்போது நமக்கு நேராகத் தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். 2013 அக்டோபர் 10 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் சாதியப் பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அது யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான். ஆனாலும் சாதி என்பது மனித உரிமைச் சிக்கல் என்று, பல நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவை பதிவு செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றமும், 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதித்தது. இதில் ஒரு முரணை மறைக்க விரும்பவில்லை. அந்தத் திருத்தத்துக்குப் பிடிவாதம் பிடித்தது நான் மேலே கிண்டல் செய்த, தேர்ந்தெடுக்கப்படாத மேலவைதான். தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை அதை முதலில் நிராகரித்தது. ஏன்? வாக்கு வங்கி ஆதிக்கச் சாதியாரிடம் இருந்தது. தேர்தல் மட்டுமே ஒடுக்கப்பட்டவர்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடமை விதித்தும் அரசு அசையவில்லை. 2017இல் கருத்துக் கேட்டது. இந்து அமைப்புகள் சில வரிந்துகட்டி எதிர்த்தன. சாதி என்பதே காலனியம் கட்டிய கதை, பிரிட்டனில் சாதி இல்லை, எங்கள் சமூகத்துக்குள் வெளியாள் தலையிடாதே என்றன. 2018 ஜூலையில், சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்பே போதும் என்று சொல்லி அந்தக் கடமையையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

பிரெக்சிட்டால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே மொழி பேசப்பட்டதைக் காட்டுகிறேன். 'பிரஸ்ஸல்ஸே, எங்கள் நாட்டுக்குள் தலையிடாதே.' 'வெஸ்ட்மின்ஸ்டரே, எங்கள் சமூகத்துக்குள் தலையிடாதே.' எல்லை மட்டும்தான் மாறுகிறது. வேலிக்குள் யார் யாரை மிதிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் பொருள்.

அரசு போதும் என்ற அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? பிகாரைச் சேர்ந்த ஓர் ஆதிவாசிப் பெண், இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் வீட்டில் நாளுக்கு 18 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், நான்கரை ஆண்டுகள் உழைத்தார். படுத்தது தரையில். கிடைத்த கூலி மணிக்கு 11 பென்ஸ். 2015இல் தீர்ப்பாயம் அவருக்கு 1,83,000 பவுண்டுக்கு மேல் வழங்க உத்தரவிட்டது. அடுத்து வரும் ஒவ்வொரு பெண்ணும் இதேபோல ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தன் சாதியை மெய்ப்பிக்கட்டும் என்பதுதான் 'தீர்ப்பே போதும்' என்பதன் பொருள். இறையாண்மை திரும்பிய பிரிட்டனில் அந்தப் பெண்ணுக்குத் திரும்பியது என்ன?

பக்கத்தில் இருக்கும் அதிகாரம்

அதிகாரம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஜனநாயகம் என்று தோழர்கள் நம்புகிறார்கள். என் பெரியம்மாவிடம் கேட்டால் சிரிப்பார்.

எங்கள் ஊராட்சி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர் தலைவரானார். எங்கள் தெருவில் முதல்முறையாக ஒருவருக்கு அந்த நாற்காலி. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர், தன் தெருவுக்கு வேலை என்றால் உடனே போடுவார். எங்கள் தெருவின் தண்ணீர்க் குழாய்க்கு என்றால் பேனா கிடைக்காது. சுதந்திர நாளில் கொடியேற்றியது அவர். பெரியம்மா பக்கத்தில் நின்றார். "பேருக்குத்தான் நான் தலைவர், ஊருக்கு அவன் தலைவர்" என்பார். கடைசியில் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கல்லூரி மாணவப் பருவத்தில் நான் எழுதிய முதல் அரசியல் ஆவணம் அதுதான். குழாய் வந்தது. வந்தது ஊரிலிருந்து அல்ல, ஊருக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரத்திலிருந்து.

1948 நவம்பரில் அரசமைப்பு அவையில், கிராமத்தை அல்ல, தனிமனிதரை அலகாக வைத்தோம் என்று அம்பேத்கர் பெருமையோடு சொன்னதன் பொருளை எனக்குப் புரியவைத்தது அந்தக் குழாய். 1997 ஜூன் 30 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் மேலவளவு முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்தில் சென்றபோது வெட்டப்பட்டார்கள். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை, அல்லது வென்றவரை உடனே பதவி விலகச் செய்தார்கள். 'எங்கள் ஊர், எங்கள் முடிவு' என்றார்கள். அதுவும் இறையாண்மைதான். அதுவும் பெரும்பான்மையின் விருப்பம்தான்.

எனவே டெல்லி இருக்கட்டும் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். மாநில உரிமையைப் பறிக்கும் டெல்லியை எதிர்ப்பேன். சென்னையிலிருந்தபடி ஊராட்சியை நசுக்குவதையும் எதிர்ப்பேன். ஆனால் அதிகாரம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் மூன்றைக் கேட்பேன். முடிவு செய்யும் 'மக்களில்' கடைசித் தெருவில் இருப்பவர் உண்டா? பெரும்பான்மை முடிவெடுத்த பிறகும் அதை எதிர்த்துப் பேசும் பிரதிநிதி உயிரோடும் மரியாதையோடும் இருக்க முடியுமா? முறையிட வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறதா?

பிரெக்சிட் மூன்றிலும் தோற்றது. கைதட்டிய தோழர்களே, நாளை நாம் வரையும் தன்னாட்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். எழுதியதை என் பெரியம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன். அவர் தலையாட்டினால் நானும் உங்களோடு சேர்ந்து கை தட்டுகிறேன்.